சேட்டை செய்வது அவன், வகுப்பு எனக்கா?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 29. பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. மாமனார், மாமியாரோடு ஒரே வீடு. மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். மகளுக்குப் பத்து மாதம். செல்போன் இல்லாமல் மகனுக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை; பிடுங்கினால் தட்டை வீசுகிறான். கடைவீதியில் கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான். தங்கையைக் கிள்ளுகிறான். சென்ற மாதம் வகுப்பில் ஒரு குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். “இப்படியே போனால் அடுத்த வருடம் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

கோவையில் குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். காது கேட்பது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் சோதித்த அவர், ஆட்டிசம் இல்லை, மாத்திரையும் தேவையில்லை என்று கூறி, பெற்றோருக்கான பயிற்சிக் குழுவில் சேரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், 12 வாரம். எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒன்றாக உட்காரும்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. “பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கட்டும், நமக்கு எதற்கு வகுப்பு?” என்கிறார் கணவர். “காலாகாலத்தில் இரண்டு போட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது” என்கிறார் மாமியார். “இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், தானாகச் சரியாகும்” என்பது மாமனார் கட்சி. அந்தத் தாய்க்கோ ஊர்க்காரர்கள் யாராவது அந்தக் குழுவில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். போன வாரம் தோசைக் கரண்டியால் மகனை அடித்துவிட்டார். தொடையில் தடம் விழுந்துவிட்டது. அவன் தூங்கிய பிறகு காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். “நான் தாயாக இருக்கவே லாயக்கில்லாதவளா? சில நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று தோன்றுகிறது” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதவே உங்களுக்குப் பெரிய தைரியம் வேண்டியிருந்திருக்கும். கடைசிப் பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தால் நானும் வழக்கமான நாலு யோசனைகளைச் சொல்லி முடித்திருப்பேன். எழுதினீர்கள், அதனால் முழுவதையும் பேச முடிகிறது.

முதலில் உங்கள் மருத்துவரைப் பற்றி. அவர் பொறுப்பைத் தட்டிக்கழித்து உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அப்படி நினைக்காதீர்கள். அவர் எடுத்த முடிவு சரியானது. காது, பேச்சு, வளர்ச்சி மூன்றையும் முதலில் பார்த்தாரே, அதிலேயே அவருடைய கவனம் தெரிகிறது. சரியாகக் காது கேட்காத பிள்ளையும், நினைத்ததைச் சொல்லச் சொற்கள் போதாத பிள்ளையும் கடிப்பதும் அடிப்பதும் உண்டு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2013-இல் வெளியிட்ட நெறிமுறை, 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்கு முதலில் பரிந்துரைப்பது பெற்றோருக்கான குழுப் பயிற்சியைத்தான். 10 முதல் 16 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். உங்களிடம் சொல்லப்பட்ட 12 சனிக்கிழமைகள் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. ‘ஏ.டி.எச்.டி.யாக (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் குறைபாடு) இருக்குமோ, மாத்திரை கேட்கலாமா?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருந்தாலும், ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு மாத்திரைக்கு முன்னால் பெற்றோர் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 நெறிமுறை.

ஏன் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு?

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. காய்ச்சல் வந்தவனுக்குத்தானே மருந்து? ஆனால் உங்கள் மகனுடைய பிரச்சினை அவன் உடம்புக்குள் மட்டும் இருக்கும் பொருளாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் உங்களுக்கும் இடையே தினமும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அதன் பாதி இருக்கிறது.

நீங்களே எழுதிய இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் “போனைக் கொடு” என்கிறீர்கள். அவன் சிணுங்குகிறான். நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள். அவன் கத்துகிறான். தட்டு பறக்கிறது. கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுகிறது. மாமனார் உள்ளே இருந்து “கொடுத்துத் தொலையேன்” என்கிறார். போன் அவன் கைக்குப் போகிறது, வீடு அமைதியாகிறது. இந்த ஐந்து நிமிடத்தில் இருவர் பாடம் படித்திருக்கிறீர்கள். சிணுங்கினால் கிடைக்காதது தட்டை வீசினால் கிடைக்கும் என்று அவன் படித்தான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று நீங்கள் படித்தீர்கள். மறுநாள் அவன் சிணுங்கலைத் தாண்டி நேராகத் தட்டுக்கு வருவான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், வீடு வீடாகச் சென்று குடும்பங்கள் பேசிக்கொள்வதைக் கவனித்துக் குறித்துக்கொண்ட ஆய்வுகளிலிருந்து, இந்தச் சுழலைத்தான் 1982-இல் விரிவாக எழுதினார். பெற்றோர் பயிற்சிகள் பலவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

இந்தச் சுழலில் குற்றவாளி என்று யாரும் இல்லை. பகல் முழுதும் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறூட்டும் எவரும் அந்த நேரத்தில் போனைக் கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் சுழலை நிறுத்த யாராவது ஒருவர் வேறு மாதிரி அடியெடுத்து வைக்க வேண்டும். நாலரை வயதுக்காரனால் அது முடியாது. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் அவனைத் தனியே உட்காரவைத்துப் பேசி என்னால் அதைச் செய்துவிட முடியும் என்று நான் சொன்னால் அது பொய். மற்ற எல்லா மணி நேரமும் அவன் உங்கள் வீட்டில் இருக்கிறான்.

வீட்டில் நான்கு பெரியவர்கள் இருப்பது பலம்தான்; ஆனால் நாலு பேரும் நாலு விதமாக நடந்தால் அதுவே சிக்கல். நீங்கள் மறுத்த முறுக்கை மாமியார் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து முறை மறுத்து ஆறாவது முறை கொடுப்பது, எப்போதுமே கொடுப்பதைவிட அழுகையை ஆழமாக வேர்விடச் செய்யும். இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்குப் போகவே போகாது.

சனிக்கிழமை வகுப்பில் என்ன நடக்கும்?

யாரோ ஒருவர் மேடையில் நின்று ‘நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும்’ என்று உபதேசம் செய்வார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வகுப்பு என்றால் நானே போகாதீர்கள் என்பேன். முறையாக நடக்கும் குழுவில் வட்டமாக உட்காருவார்கள். போன வாரம் வீட்டில் முயன்று பார்த்தது என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். பிறகு ஒரு சின்ன விஷயத்தை நடித்துப் பழகுவார்கள். நீங்கள் மகனாக நடிக்க, இன்னொருவர் தாயாக நடிப்பார். கூச்சமாகத்தான் இருக்கும். 7 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான பயிற்சிகள் குறித்த 77 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெற்றோர் தம் பிள்ளையோடு வகுப்பிலேயே பழகிப் பார்த்த பயிற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்று தெரிந்தது. எனவே உங்கள் குழுவில் மகனையும் சில நாள் அழைத்துவரச் சொன்னால் தயங்காதீர்கள்.

பல பயிற்சிகள் கண்டிப்பிலிருந்து தொடங்குவதில்லை. முதல் சில வாரங்கள் விளையாட்டிலேயே போகும். தினமும் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். என்ன விளையாட்டு என்பதை அவன் தீர்மானிப்பான். கேள்வி கேட்கக்கூடாது, திருத்தக்கூடாது, ‘இது என்ன கலர் சொல்லு’ என்று பாடம் நடத்தக்கூடாது. அவன் செய்வதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்: “லாரியில் மண் ஏற்றுகிறாய். ஓ, பாலத்துக்குக் கீழே போகிறது.” இதைக் கேட்டதும் சில அப்பாக்களுக்குக் கோபமே வரும், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. ஆனால் நாள் முழுவதும் ‘வேண்டாம், கூடாது, நிறுத்து’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிடம் என்ன செய்கிறது என்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். தங்கை பிறந்த நாளிலிருந்து உங்கள் மகனுக்கு நீங்கள் முழுதாகக் கிடைத்த நேரம் எவ்வளவு? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அவன் கிள்ளும்போதுதான் எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்புகின்றன, அதனால் கேட்கிறேன்.

அடுத்து, பாராட்டும் விதம். ‘குட் பாய்’ என்ற பொதுச் சொல் அவனுக்கு எதையும் சொல்லித்தராது. “செருப்பை வரிசையாக வைத்துவிட்டு வந்தாயே!” என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு, சொல்லும் விதம். சமையலறையிலிருந்து “குளிக்கப் போகிறாயா இல்லையா?” என்று கத்துவது கேள்வி, அவன் “இல்லை” என்று பதில் சொல்லலாம். பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையை, “வாளிக்குப் பக்கத்தில் வந்து நில்” என்று சொல்லிவிட்டு ஐந்து விநாடி காத்திருப்பது வேறு.

இவையெல்லாம் ஊன்றிய பிறகுதான் கண்டிப்பு வரும். சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது, அடித்தால் விளையாட்டிலிருந்து விலக்கி மூன்று நான்கு நிமிடம் ஓரமாக உட்காரவைப்பது போன்றவை. உட்காரவைப்பது என்றால் இருட்டறையில் பூட்டுவதோ, வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதோ கிடையாது. அவன் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், யாரும் திட்டாமல், முடிந்ததும் யாரும் மீண்டும் கிளறாமல் இருக்க வேண்டும். இதை அரைகுறையாகப் படித்துவிட்டு நீங்களாகத் தொடங்க வேண்டாம். வகுப்பில் அந்த வாரம் வரும்வரை பொறுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பலர் வகுப்பைவிட்டு நிற்பது இந்த இடத்தில்தான். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காமல் போகும்போது பிள்ளை முதலில் இன்னும் பலமாகக் கத்துவான். சாப்பாட்டு நேரத்தில் போன் கிடையாது என்று நீங்கள் முடிவெடுத்த முதல் சில நாட்களில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் இருக்கும். அந்த நாட்களில் ‘முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டான், இந்த வகுப்பே வேண்டாம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்று போனைக் கொடுத்துவிட்டால், அந்தப் பெரிய சத்தத்துக்குத்தான் பலன் என்று அவன் படித்துக்கொள்வான். பொறுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தால் அந்த வாரம் தொடங்காதீர்கள். கணவருக்குப் பகல் ஷிஃப்ட் இருக்கும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். 3, 4 வயதில் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. முதலில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலிருந்து மட்டும் அகற்றுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள் இருந்துவிட்டால்?

முதல் நாளே ‘இங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை’ என்ற உடன்பாட்டைக் குழு செய்துகொள்ள வேண்டும். அப்படி உண்டா என்று சேரும் முன்பே தொலைபேசியில் கேளுங்கள். கூடவே, நடத்துபவருக்கு என்ன பயிற்சி உண்டு, எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறார்கள், ஒரு வாரம் தவறினால் ஈடுசெய்ய வழி உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் தனியாகப் பயிற்சி தரும்படி மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனாலும் குழுவையே முதலில் முயலச் சொல்வேன். நம் ஊர் மக்கள் இப்படி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று சொல்வார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரை வைத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த பத்து வாரக் குழுப் பயிற்சி பற்றிய ஆய்வு 1999-லேயே வெளியானது. பிள்ளையை அவர்கள் பார்க்கும் பார்வையே மேம்பட்டிருந்தது. பேச இடம் கிடைத்தால் நம்மவர்களும் பேசுவார்கள். ‘என் பிள்ளை மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பை நான் நூறு முறை மறுத்தாலும் போகாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஒரு தாய் “என் பையனும் கடித்துவிட்டான்” என்று ஒருமுறை சொன்னால் போய்விடும்.

வீட்டாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கணவரிடம் ‘நம் வளர்ப்பு சரியில்லையாம், வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள்’ என்று சொல்லியிருப்பீர்கள் போலிருக்கிறது. எந்த ஆணும் பெண்ணும் அதைக் கேட்டுக் கிளம்பமாட்டார்கள். ‘மற்ற பிள்ளைகளுக்குப் போதுமான வளர்ப்பு இவனுக்குப் போதவில்லை, இவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் தேவைப்படுகிறது, அதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான், சில பிள்ளைகள் பிறவியிலேயே கோபமும் வேகமும் கூடியவர்கள். பன்னிரண்டுக்கும் அவரால் வர முடியாவிட்டால் முதல் மூன்றுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் நீங்கள் மட்டும் போனாலும் பலன் உண்டு.

மாமியாரிடம் வாதம் செய்யாதீர்கள். இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் பார்த்துக்கொள்பவர் அவர். அந்த உழைப்பு உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வந்து போய்விட்டது. அந்தப் பத்து நிமிட விளையாட்டை மாலையில் பாட்டியும் தனியாக ஒருமுறை செய்யலாம். முறுக்கை நிறுத்தச் சொல்வதற்குப் பதிலாக, அவன் நல்லபடியாகக் கேட்டபோது கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பது அவர் கையாகவே இருக்கட்டும்.

அடியைப் பற்றி அவரிடம் மெதுவாகச் சொல்லலாம். அடித்தால் அந்த நிமிடம் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கோபம் வந்தால் பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்பதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனைவிடச் சிறியவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

பள்ளி விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்குத்தான், எல்.கே.ஜி. பிள்ளைக்கு அதை நேராகக் காட்ட முடியாது. எனவே சண்டைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடமிருந்து, பயிற்சி தொடங்கியிருக்கிறது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வகுப்பு ஆசிரியையைச் சந்தியுங்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது கடிக்கிறான் என்று இரண்டு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் பள்ளியில் யாராவது அவனை அடித்தால் விஷயம் வேறு. தங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். 18 வயது நிறையாத எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இனி, உங்களைப் பற்றி.

பயிற்சிக்குப் போகும் எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை. பலனைக் குறைக்கும் காரணங்களில் ஒன்று, தாயின் மனச்சோர்வு கவனிக்கப்படாமல் போவது. உங்களுக்குக் குழந்தை பிறந்து பத்து மாதம்தான் ஆகிறது. இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறீர்கள். ‘எங்காவது போய்விடலாம்’ என்று தோன்றுகிறது. இதை நான் சோம்பல் என்றோ பொறுமையின்மை என்றோ படிக்கவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். கடிதத்தை வைத்து உறுதிசெய்ய முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த மருத்துவரிடமே இதையும் சொல்லுங்கள். குணப்படுத்தக்கூடியது, பாலூட்டும் காலத்திலும் வழி உண்டு. போய்விடலாம் என்ற எண்ணம் உயிரை விட்டுவிடலாம் என்று மாறினால், அல்லது குழந்தைகளை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் வந்தால், காலைவரை காத்திருக்காதீர்கள். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி, 14416: எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கோவை வரை போய்வருவது முடியாமல் போனால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் உங்களையும் மகனையும் பார்ப்பார்கள்.

தடம் விழும்படி அடித்தது தவறு. அதை மறுத்து உங்களைச் சமாதானப்படுத்தமாட்டேன். உங்களுக்கே அது தெரியும், தெரிந்ததால்தான் எழுதினீர்கள். கோபம் தலைக்கேறும் அந்த நிமிடத்துக்காக இன்றே ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மகனையும் குழந்தையையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்விடுவது என்று. மாமியாரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், “நான் மாடிக்குப் போனால் கேள்வி கேட்காதீர்கள், அத்தை” என்று.

தூங்கும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது அவன் காதில் விழவில்லையே, சகோதரி. அவன் விழித்திருக்கும்போது, விளையாடும் அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் கேளுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், அழ வேண்டாம். அழுதால் உங்களைத் தேற்றும் வேலை அவன்மேல் விழும். “அன்றைக்கு அம்மா கரண்டியால் அடித்தேன். உனக்கு வலித்தது. அது அம்மா செய்த தப்பு. இனி அம்மாவுக்குக் கோபம் வந்தால் மாடிக்குப் போய்விட்டு வருவேன்” என்று சொல்லிவிட்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.